கேட்டால்தான் ஓய்வு

அத்தியாயம் பதினொன்று

கதவை அறைந்து சாத்திக்கொண்டு போன செபஸ்தியன் அதன் பிறகு அண்ணன் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. ஜொகூரின் குளுவாங் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும். அண்ணன் தம்பி போட்ட சத்தம் கேட்காமல் இருக்குமா? வாரம் முடிவதற்குள் கடைத்தெருவில் தேத்தண்ணி குடிப்பவர்கள் வரைக்கும் விஷயம் போய்விட்டது.

சண்டைக்குக் காரணம் ஒரு பந்து விளையாட்டு என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் காரணம் அதுதான்.

அண்ணன் ஸ்டானிஸ்லாஸ் ரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதும் கூட்ஸ் கிராணி. சிங்கப்பூரில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்தவர். பாஸ்கட்பால் அங்கேதான் பழகினார். ஆட்டத்தில் அவர் பெரிய சூரர் இல்லை. ஆட்டத்தைவிட ஆட்டத்தின் சட்டம்தான் அவருக்குப் பிடித்தது. எந்தத் தப்புக்கு என்ன தண்டனை, பந்து யார் கையில் இருந்தால் என்ன செய்யலாம் என்று கேட்டால் மனிதர் சோற்றைக்கூட மறந்துவிட்டுச் சொல்வார். குளுவாங் சீன வியாபாரிகள் சங்கம் சிமெண்டுத் தரை போட்டு, இரண்டு பக்கமும் வளையம் மாட்டி, ஊர் ஊராய் அணிகளைக் கூப்பிட்டுப் பந்தயம் வைத்தபோது விசில் ஊத ஆள் தேடினார்கள். சட்டம் முழுவதும் தெரிந்த ஆள் இவர் ஒருவர்தான் அகப்பட்டார்.

அதே பந்தயத்தில் ஆட, ஊர்த் தமிழ்ப் பையன்களைச் சேர்த்து ஓர் அணி கட்டினான் தம்பி செபஸ்தியன். அவன் காஹாங் சாலையில் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார். அணிக்குப் பயிற்சி கொடுப்பதும் அவன்தான். அணியின் கேப்டன் யார் என்றால் ஸ்டானிஸ்லாஸ், டொரத்தி தம்பதியின் ஒரே மகன் பெலிக்ஸ். தந்தி ஆபீஸில் வேலை. இருபத்தொரு வயது, பனை மரம் மாதிரி உயரம், கோழிக்குஞ்சு மாதிரி சாது.

அப்பா விசில் ஊத, மகன் ஆட, சித்தப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து துடிக்க, ஊரார் வேடிக்கையாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அரையிறுதி ஆட்டத்தில் வேடிக்கை வினையாகிவிட்டது. நெருக்கடியான கட்டத்தில் பெலிக்ஸ் கையைத் தூக்கி டைம் அவுட், அதாவது ஆட்டத்தை நிறுத்தி ஒரு நிமிஷ ஓய்வு, கேட்டான். ஸ்டானிஸ்லாஸ் விசில் ஊதிக் கொடுத்துவிட்டார். கேட்கிற நேரத்தில் பந்து எதிர் அணியின் கையில் இருந்தது. அப்போது கொடுக்கக் கூடாது என்பது சட்டம். அவர் கவனிக்கவில்லையா, கவனித்தும் கொடுத்துவிட்டாரா என்பது அவருக்கே சரியாகத் தெரியவில்லை. கூட்டம் கூச்சல் போட்டது. சோடா பாட்டில் ஒன்று பறந்து வந்தது. சங்கத் தலைவரான சீன முதலாளி லிம் தவுக்கே எழுந்து நின்று, "டியா லூருஸ்! இந்த ஆள் நேரான ஆள், எனக்குத் தெரியும்!" என்று கத்தி அடக்கினார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஸ்டானிஸ்லாஸ் மகனை எதிரே நிறுத்திச் சொன்ன வார்த்தைதான் எல்லாவற்றுக்கும் மூலம்.

"இனிமே நான் விசில் ஊதுற ஆட்டத்துல என்கிட்ட எதுக்கும் கையைத் தூக்காதே. உயிரே போனாலும் டைம் கேக்காதே. புரியுதா?"

"சரிப்பா," என்றான் பெலிக்ஸ்.

செபஸ்தியன்தான் குதித்தான். "கேப்டனுக்குச் சட்டம் கொடுத்த உரிமை அண்ணே அது! அதைப் புடுங்குறதுக்கு நீங்க யாரு? உங்க பேருக்கு ஒரு கீறல் விழுந்துடக்கூடாது, அதுக்காக அவன் வாயைத் தைச்சுடுவீங்களா?"

"என் வீட்டுல நின்னுக்கிட்டு எனக்குச் சட்டம் சொல்லாதே."

அப்புறம்தான் அந்தக் கதவுச் சத்தம்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் இறுதி ஆட்டம். எதிர் அணி பக்கத்து ஊரான ஆயர் ஈத்தாம். பானைச் சூளை முதலாளி ஒருவர்தான் அதற்கு மானேஜர். இந்தத் தமிழ்க் கிராணி விசில் ஊதக்கூடாது, அவர் மகன் ஆடுகிறான் என்று முதலில் முரண்டு பிடித்தவர் அவரே. லிம் தவுக்கே தன் வாக்கைக் கொடுத்துச் சம்மதிக்க வைத்திருந்தார்.

ஸ்டானிஸ்லாஸ் மாதா கோயில் பூசைக்குப் போய்வந்து கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். டொரத்தி ஈரத்துணியும் கையுமாக அறை வாசலில் வந்து நின்றாள்.

"பூசைக்கு ஏன் அவன் வரலேன்னு கோவிச்சுக்கிட்டீங்களே, போய்த் தொட்டுப் பாருங்க. உடம்பு நெருப்பா கொதிக்குது."

"கொயினா மாத்திரை கொடுத்தியா?"

"கொடுத்தேன். விடிய விடிய குளிருல நடுங்கிக்கிட்டுக் கெடந்தான். ரெண்டு கம்பளி போட்டும் அடங்கல. இன்னைக்கு ஆட வேணாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் சொன்னா சிரிக்கிறான்."

"செபஸ்தியன்கிட்ட சொல்லியனுப்பு. டீமுக்கு அவன்தானே பொறுப்பு."

"அவருதான் இந்தப் பக்கமே தலை காட்டுறதில்லையே."

ஸ்டானிஸ்லாஸ் கோட்டை ஆணியில் மாட்டினார். சுருக்கம் விழாமல் இழுத்துவிட்டார்.

"இந்தா பாரு டொரத்தி. நான் ஆட வேணாம்னு சொன்னா, விசில் ஊதுற ரெப்ரி தன் மகனை வீட்டுல ஒளிச்சு வச்சு ஆட்டத்தை ஆயர் ஈத்தாமுக்குத் தூக்கிக் கொடுத்துட்டான்னு நம்ம ஊர்க்காரன் சொல்வான். ஆடுன்னு சொன்னா, மகனை ஜெயிக்க வைக்கத்தான் ஆட விட்டான்னு ஆயர் ஈத்தாம்காரன் சொல்வான். நான் வாயே திறக்கக்கூடாது. அதான் முறை."

"ரெப்ரியா சொல்ல வேணாங்க. அப்பனாச் சொல்லுங்க."

"சாயங்காலம் ஆட்டம் முடியிற வரைக்கும் நான் அவனுக்கு அப்பன் இல்ல."

டொரத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷமாய்க் குடித்தனம் நடத்துகிற மனிதர்தானா இவர் என்று பார்ப்பது போல இருந்தது. பிறகு ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே உள்ளே போய்விட்டாள்.

பேசியது மனசில் உறுத்தவே செய்தது. ஸ்டானிஸ்லாஸ் மகன் அறைக்குப் போனார். பெலிக்ஸ் கட்டிலில் உட்கார்ந்து கான்வாஸ் சப்பாத்துக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தான். கண் சிவந்து கிடந்தது.

"எப்படிடா இருக்கு?"

"ஒண்ணுமில்லப்பா. கொயினா போட்டதுல காது அடைக்குது. அவ்வளவுதான்."

நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார். பாதி வழியில் கை நின்றுவிட்டது. தொட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அப்புறம் சொல்லாமல் இருக்க முடியாது. நீட்டின கையைத் திருப்பி மீசையைத் தடவிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

பிள்ளைக்குக் காய்ச்சலா இல்லையா என்று தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கு இவ்வளவு சாமர்த்தியம் வேண்டியிருந்தது.

சாயங்காலம் சங்கத்துத் திடலில் எள் போட்டால் எள் விழாது. சீனக் கடைக்காரர்கள் ஸ்டூலோடு வந்திருந்தார்கள். ரயில்வேத் தமிழர்கள் வேலி ஓரம் நின்றார்கள். மழை வருமா வராதா என்று லம்பாக் மலைப் பக்கம் மேகம் கட்டி நின்றது. காற்றே இல்லை. சிமெண்டுத் தரை பகல் வெயிலைக் குடித்துவிட்டுக் காலடியில் கக்கிக்கொண்டிருந்தது.

ஸ்டானிஸ்லாஸ் வெள்ளைக் கால்சட்டையும் வெள்ளைச் சட்டையுமாக நடுவில் நின்று இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டார். இரண்டு பேருக்கும் ஒரே குரலில், ஒரே வார்த்தையில் சட்டத்தைச் சொன்னார். டைம் அவுட் கேட்கும் உரிமை கேப்டனுக்கு மட்டும். பந்து ஓய்ந்திருக்கும்போது கேட்கலாம். தன் அணியின் கையில் இருக்கும்போது கேட்கலாம். வேறு சமயத்தில் கேட்டால் கிடைக்காது. பெஞ்சில் இருக்கும் பயிற்சியாளர் கேட்கக்கூடாது, ஆட்டக்காரரோடு பேசவும் கூடாது. மீறினால் தண்டனை.

ஆயர் ஈத்தாம் மானேஜர் கை கட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். செபஸ்தியன் அண்ணன் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

முதல் பாதி ஆட்டத்தில் பெலிக்ஸ் ஓடினான், தாவினான், இரண்டு முறை கூடையும் போட்டான். ஊர்க்காரர்கள் விசிலடித்தார்கள். ஆனால் அவன் ஓட்டத்தில் பழைய துள்ளல் இல்லை என்பது ஸ்டானிஸ்லாஸுக்குத் தெரிந்தது. இடைவேளையில் அவன் பெஞ்சில் உட்காராமல் தூணில் சாய்ந்து நின்றான். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று நினைத்தானோ என்னவோ. செபஸ்தியன் அவனிடம் என்னமோ கேட்டான். அவன் தலையை ஆட்டினான். ஸ்டானிஸ்லாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு விசிலைத் துடைத்தார்.

அந்த நாள் ஆட்ட முறை உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒவ்வொரு கூடை விழுந்ததும் பந்தை மறுபடி நடுவட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு அணியிலும் உயரமான ஆள் ஒருவன் எதிரும் புதிருமாக நிற்பான். நடுவர் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று பந்தை மேலே எறிவார். தாவித் தட்டுகிறவனுக்கு ஆதாயம். குளுவாங் அணியில் தாவுகிறவன் பெலிக்ஸ். ஆக, ஒவ்வொரு கூடைக்குப் பிறகும் அப்பாவும் மகனும் ஒரு கை தூரத்தில் முகத்துக்கு முகம் நின்றாக வேண்டும்.

இரண்டாம் பாதியில் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் மகன் முகம் கொஞ்சம் கொஞ்சமாய் வெளிறிப்போவதை ஸ்டானிஸ்லாஸ் பார்த்தார். மற்றப் பையன்களின் பனியன் எல்லாம் பிழிந்தால் தண்ணீர் சொட்டும்போல் நனைந்து கிடந்தது. பெலிக்ஸின் பனியன் மட்டும் காய்ந்திருந்தது. இந்த வெக்கையில், இந்த ஓட்டத்தில் ஒருவனுக்கு வியர்க்கவில்லை என்றால் அது நல்லதற்கில்லை. கிராணிக்குக்கூடத் தெரிகிற விஷயம்.

செபஸ்தியனுக்கும் தெரிந்துவிட்டது. பெஞ்சிலிருந்து எழுந்து ஆட்டக் கோட்டின் ஓரத்துக்கு வந்து கத்தினான்.

"அண்ணே! டைம் அவுட்! பையனைப் பாருங்க அண்ணே!"

ஸ்டானிஸ்லாஸ் விரலை நீட்டி உட்காரச் சொன்னார்.

"அண்ணே, நான் ஆட்டத்துக்குக் கேக்கல! அவன் மூஞ்சியைப் பாருங்க!"

விசில் ஊதினார். ஆட்டம் நின்றது. செபஸ்தியன் முகம் மலர்ந்தது. கொடுத்துவிட்டார் என்று நினைத்துத் தண்ணீர்ப் போத்தலைக்கூட எடுத்துவிட்டான். ஸ்டானிஸ்லாஸ் நேராக நடந்துபோய், பெஞ்சு பேசியதற்காகக் குளுவாங்கின் மேல் தண்டனை விதித்தார். ஆயர் ஈத்தாம் ஆளுக்கு யாரும் தடுக்காமல் கூடைக்கு எறிய ஒரு வாய்ப்பு. அவன் நிதானமாய் எறிந்து போட்டான். அதோடு இரண்டு அணியும் சமம்.

செபஸ்தியன் போத்தலைக் கையில் பிடித்தபடியே நின்றான். கூட்டத்தில் ஒரு பக்கம் கை தட்டினார்கள். ஆயர் ஈத்தாம் மானேஜர் தலையை மெல்ல ஆட்டினார். உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்று சொல்கிற மாதிரி ஓர் ஆட்டல். அந்தத் தலையாட்டல் ஸ்டானிஸ்லாஸுக்கு இனித்தது. எழுதவே கூசுகிறது, ஆனால் இனித்தது.

ஆட்டம் முடியச் சில விநாடிகளே பாக்கி. மறுபடியும் நடுவட்டம். மறுபடியும் அப்பாவும் மகனும்.

பெலிக்ஸின் உதடு நீலம் பூத்திருந்தது. பல் லேசாகத் தட்டியது. மூச்சு விடும்போது நெஞ்சுக்கூட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. பந்து ஸ்டானிஸ்லாஸின் கையில் இருந்தது. பந்து ஓய்ந்திருக்கும் நேரம். கேப்டன் கேட்கலாம். கேட்டால் கொடுத்தாக வேண்டும். மானேஜராலும் ஒரு சொல் சொல்ல முடியாது, ஊராலும் முடியாது.

'கேளுடா,' என்று ஸ்டானிஸ்லாஸின் மனசு அடித்துக்கொண்டது. 'கையை மட்டும் தூக்குடா. நான் கொடுத்துடுறேன். கேளுடா ராஜா.'

வாய்விட்டுச் சொல்ல முடியாது. நடுவர் ஆட்டக்காரனுக்குச் சொல்லிக் கொடுக்கக்கூடாது.

இன்னொரு சட்டமும் அவருக்குத் தெரியும். ஆட்டக்காரனுக்கு அடி பட்டாலோ, உடம்புக்கு முடியாமல் போனாலோ, யாரும் கேட்க வேண்டியதில்லை. நடுவர் தானே நிறுத்தலாம். அந்தச் சட்டத்தையும் அவர் மனப்பாடமாக வைத்திருந்தார். மற்ற எவன் பிள்ளையாவது அந்த இடத்தில் அப்படி நின்றிருந்தால் முதல் பாதியிலேயே நிறுத்தி உட்கார வைத்திருப்பார். நின்றது சொந்தப் பிள்ளை என்பதுதான் அவன் செய்த பாவம்.

பெலிக்ஸின் வலது கை இடுப்பிலிருந்து கொஞ்சம் எழுந்தது. கை நின்றது. மறுபடியும் கீழே போய்விட்டது. மகன் அப்பாவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, குறை இல்லை. சொன்னதைக் கேட்டு நடக்கிற பிள்ளையின் பார்வை அது.

"போடுங்க சார்," என்றான்.

ஆட்டத்தில் அப்பா என்று கூப்பிடக்கூடாது என்பதும் அவர் போட்ட உத்தரவுதான்.

அவர் பந்தை எறிந்தார்.

பெலிக்ஸ் தாவினான். கை பந்து வரைக்கும் போகவில்லை. ஆயர் ஈத்தாம் ஆள் தட்டினதை இன்னொருவன் பிடித்து வளையத்தை நோக்கி ஓடினான். பெலிக்ஸ் இறங்கும்போது கால் தரையில் ஊன்றவில்லை. முழங்கால் மடங்கி, பக்கவாட்டில் சாய்ந்து, தலை சிமெண்டில் இடிக்க விழுந்தான்.

ஸ்டானிஸ்லாஸ் பார்த்தார். விசில் பல்லுக்கிடையில் இருந்தது. எதிராளி பந்தோடு கூடைக்குப் போகும்போது நடுவில் நிறுத்தக்கூடாது, ஓடுகிற ஓட்டம் முடியட்டும். அவர் ஊதவில்லை. பந்து வளையத்தில் சுற்றி உள்ளே விழுந்தது. அதற்கப்புறம்தான் ஊதினார்.

அவர் மகனை அடைவதற்கு முன்பே செபஸ்தியன் ஓடி வந்து அவனை வாரித் தோளில் போட்டுக்கொண்டிருந்தான்.

லிம் தவுக்கே தன் மோட்டார் காரைக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பின் சீட்டில் செபஸ்தியன். மடியில் அண்ணன் மகனின் தலை. முன் சீட்டில் ஸ்டானிஸ்லாஸ். கழுத்தில் விசில் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

டாக்டர் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஓடிப்போய்ச் சொல்லி டொரத்தியும் வந்து சேர்ந்தாள். ஒரு கேள்வி கேட்கவில்லை, அழவில்லை, நேரே உள்ளே போய்விட்டாள். அண்ணனும் தம்பியும் வராந்தாவில் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். மழை தொடங்கியது.

டாக்டருக்கு உதவியாக இருக்கும் டிரஸ்ஸர் ஐயாசாமி வெளியே வந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் எத்தனையோ காய்ச்சல்காரர்களைப் பார்த்த மனிதர்.

"கடுமையான மலேரியா. அதோட ஓடியிருக்காரு. இருதயம் ரொம்ப சோர்ந்து போச்சு. டாக்டர் ஊசி போட்டிருக்காரு. பார்ப்போம்."

"பிழைச்சுக்குவானா?" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"கொஞ்சம் முன்னாடியே உட்கார வச்சிருந்தா..." என்று ஆரம்பித்த ஐயாசாமி, அவர் கழுத்தில் தொங்கிய விசிலைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கிக்கொண்டார். "கும்பிடுங்க. வேற என்ன சொல்றது?"

அவர் போன பிறகு செபஸ்தியன் சுவரோரம் அப்படியே குந்திவிட்டான். திட்டுவான் என்று ஸ்டானிஸ்லாஸ் எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"இடைவேளையில கேட்டேன் அண்ணே," என்றான் செபஸ்தியன். "முடியலைன்னா டைம் கேளுடா, நீதானே கேப்டன்னு சொன்னேன். அப்பா கேக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாரு சித்தப்பான்னான்."

ஸ்டானிஸ்லாஸ் மழையைப் பார்த்தார்.

"அப்பவே அவனை வெளிய உட்கார வச்சிருக்கலாம் நான். மாத்து ஆள் இருந்தான். என் கையிலதான் இருந்துச்சு." செபஸ்தியனின் குரல் உடைந்தது. "செய்யல அண்ணே. அவன் இல்லேன்னா தோத்துருவோம்னு பார்த்தேன். உங்களுக்குப் பேரு வேணும், எனக்குக் கப்பு வேணும். ரெண்டு பேருமா சேர்ந்து புள்ளைய ஓட விட்டுட்டோம்."

தம்பி சொன்னதைக் கேட்டு அண்ணனுக்கு ஆறுதல் வரவில்லை. பழியில் பாதியை ஒருவன் எடுத்துக்கொண்டால் தன் பங்கில் பாதியாவது குறைய வேண்டும். அது குறையவே இல்லை.

அந்த நேரத்தில்தான் இரண்டு பேர் மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு வராந்தாப் படி ஏறினார்கள். முன்னால் லிம் தவுக்கே, பின்னால் ஆயர் ஈத்தாம் மானேஜர். மானேஜர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, பையன் எப்படி இருக்கிறான் என்று மலாயில் கேட்டார். உண்மையான கவலையோடுதான் கேட்டார். அவரைக் குறை சொல்லக்கூடாது.

லிம் தவுக்கே ஸ்டானிஸ்லாஸின் தோளில் கை வைத்தார். "நான் அன்னைக்கே சொன்னேன், லூருஸ்னு. இன்னைக்கு ஊரே பார்த்துடுச்சு. ஆயர் ஈத்தாம் ஆளுங்களே சொல்றாங்க, இப்படி ஒரு ரெப்ரி ஜொகூர்ல கெடையாதுன்னு."

ஸ்டானிஸ்லாஸ் தலையை அசைத்தார்.

தவுக்கே தயங்கினார். "இந்த நேரத்துல கேக்கக்கூடாது. ஆனா திடல்ல ரெண்டு கட்சியும் மல்லுக்கு நிக்குது. அடிதடி ஆயிடும்போல இருக்கு. கடைசியா விழுந்துச்சே ஒரு கூடை, அது கணக்கா இல்லையா? பையன் முதல்ல விழுந்துட்டான், ஆட்டம் அங்கேயே நின்னுபோச்சுன்னு உங்க ஊர்ப் பையனுங்க சொல்றானுங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவாங்க."

செபஸ்தியன் தலையைத் தூக்கிப் பார்த்தான். 'வேண்டாம் அண்ணே, இப்போது எதுவும் சொல்லாதீர்கள்' என்று கண்ணாலே கெஞ்சினான். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். போங்கய்யா வெளியே என்று கத்தியிருக்கலாம். என் பிள்ளை உள்ளே கிடக்கிறான் என்று அழுதிருந்தால் அந்த இரண்டு பேருமே கூட அழுதிருப்பார்கள்.

ஸ்டானிஸ்லாஸின் வாய் வேறு எதற்கும் பழகியிருக்கவில்லை.

"விசில் ஊதுறதுக்கு முன்னாடி விழுந்த பந்து," என்றார். "கணக்குல சேரும். ஆயர் ஈத்தாம் ஜெயிச்சது."

மானேஜர் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். லிம் தவுக்கே குனிந்து கும்பிட்டார். இரண்டு பேரும் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். செபஸ்தியன் சுவரில் தலையை முட்டிக்கொண்டான்.

ஸ்டானிஸ்லாஸ் திரும்பினார். வார்டுக் கதவு திறந்திருந்தது. டொரத்தி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாய் நிற்கிறாளோ. எல்லாம் கேட்டிருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"கண்ணு முழிச்சானா?" என்றார்.

"முழிச்சான்."

"பேசினானா?"

"பேசினான். தண்ணி கேட்டான். சித்தப்பா எங்கேன்னு கேட்டான். யாரு ஜெயிச்சதுன்னு கேட்டான்."

அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னைக் கேக்கலையா டொரத்தி?"

"இல்லைங்க."

ஸ்டானிஸ்லாஸ் உள்ளே போக அடி எடுத்து வைத்தார். டொரத்தி கையை நிலைக்குக் குறுக்கே நீட்டினாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவருக்கு எதிரே குரல் உயர்த்திப் பேசாதவள். இப்போதும் உயர்த்தவில்லை.

"நீங்க நில்லுங்க."

"டொரத்தி, அவன் என் புள்ள. நான் பார்க்கணும்."

"பார்க்கலாம். அவன் கேக்கட்டும். கேட்டான்னா நானே வந்து கூப்பிடுறேன்." அவள் கொழுந்தனார் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீங்க வாங்க. உங்களைத்தான் தேடுறான்."

செபஸ்தியன் எழுந்தான். அண்ணனைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான். என்ன செய்வது என்று புரியாமல் ஒரு கணம் நின்று, பிறகு தலையைக் குனிந்துகொண்டு அவள் கைக்குக் கீழே புகுந்து உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது. செபஸ்தியன் போன வாரம் சாத்தின மாதிரி இல்லை, சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டது.

அந்தக் கதவைத் தள்ளினால் திறந்துவிடும். தாழ்ப்பாள்கூட இல்லை. தள்ளிக்கொண்டு போய்க் கட்டிலடியில் விழுந்திருந்தால் டொரத்தி தடுத்திருக்க மாட்டாள். ஒருவேளை அதைத்தான் அவள் எதிர்பார்த்தாளோ என்னவோ. ஸ்டானிஸ்லாஸ் தள்ளவில்லை. சொன்ன இடத்தில் நின்றார். கதவில் காதை வைத்துக்கொண்டு, மழைச் சத்தத்துக்கு நடுவில் அப்பா என்று ஒரு சொல் வருகிறதா என்று கேட்டார். உள்ளே யாரோ மெதுவாய்ப் பேசுவது கேட்டது. மகன் பேசுகிறானா, தம்பி பேசுகிறானா என்று பிரிக்க முடியவில்லை.

கதவு திறந்தது. ஸ்டானிஸ்லாஸ் பாய்ந்து முன்னால் போனார். வெளியே வந்தது ஐயாசாமி. அவர் ஸ்டானிஸ்லாஸைப் பார்க்காமல் வராந்தாக் கோடிக்கு விரைந்து, அங்கே நின்ற ஆளிடம் தணிந்த குரலில் சொன்னார்.

"சைக்கிளை எடுத்துக்கிட்டு கோயிலுக்குப் போ. சாமியாரைக் கையோட கூட்டிக்கிட்டு வா. எண்ணெயும் எடுத்துக்கிட்டு வரச் சொல்லு. மழைன்னு பார்க்காதே, சீக்கிரம்."

எண்ணெய் எதற்கு என்று கத்தோலிக்கருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன், சாகக் கிடக்கிறவனுக்குப் பூசுகிற எண்ணெய் அது.

சாமியார் வந்தார். அங்கி முழங்கால் வரை நனைந்திருந்தது. ஸ்டானிஸ்லாஸின் தலையில் ஒரு கணம் கையை வைத்தார். "உள்ள வாங்க," என்றார்.

"இன்னும் கூப்பிடல சாமி," என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

சாமியாருக்குப் புரியவில்லை. விளக்கம் கேட்க நேரமும் இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு அவர் உள்ளே போனார். கதவு மெல்லத் திரும்பி வந்து மூடிக்கொண்டது. உள்ளே ஜெபம் ஆரம்பித்தது. முதலில் சாமியார் குரல், அதற்குப் பதில் சொல்லும் டொரத்தியின் குரல், செபஸ்தியனின் குரல்.

ஸ்டானிஸ்லாஸ் வெளியே நின்று நான்காவது குரலுக்குக் காத்திருந்தார்.